சில மில்லிமீட்டர் இடைவெளி: மின்விபத்தில் கவனக்குறைவு யாருடையது?

‘மின்சாரம் தாக்கிப் பெண் பலி’ என்ற செய்தி நாளிதழின் ஓரத்தில் நான்கு வரிகளில் வந்து மறைகிறது. ஈரக் கையோடு கருவியைத் தொட்டார் என்பதோடு காரணமும் முடிந்துவிடுகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக்கால அறிக்கைகள் காட்டுகின்றன. அவர்கள் எத்தகைய வீட்டில், எத்தகைய இணைப்பில் இறந்தனர் என்பதை அந்தப் புள்ளிவிவரங்களிலிருந்து அறிய முடியாது. எனவே, கவனக்குறைவு யாருடையது என்ற கேள்வியை நாம்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. அதற்கு, கருவியின் உள்ளே நம்மைக் காப்பது எது என்று முதலில் அறிவோம்.

இரண்டு இடைவெளிகள்

மிக்சியிலோ இஸ்திரிப் பெட்டியிலோ 230 வோல்ட் மின்சாரம் பாயும் பகுதிக்கும் நம் கை படும் பகுதிக்கும் நடுவே இருக்கும் தடுப்பே மின்காப்பு. கம்பியின் மேலுறை, பிளாஸ்டிக், மைக்கா ஆகியவை அவ்வாறு பயன்படுகின்றன. காற்றும் ஒரு காப்புதான். ஆனால், போதிய இடைவெளி இருந்தால் மட்டுமே அது காக்கும்.

இந்த இடைவெளியை இரண்டு வகையாக அளக்கிறார்கள். முதலாவது, காற்றின் ஊடே நேர்கோட்டில் உள்ள தொலைவு. இடி மின்னலின்போது மின்தொடரில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு கணம் பாய்ந்து வரக்கூடும். அப்போது பொறி தாண்டாமல் இருக்க இந்தத் தொலைவு தேவை. இரண்டாவது, காப்புப் பொருளின் மேற்பரப்பு வழியான தொலைவு. ஓர் எறும்பு ஊர்ந்து செல்லும் வழி என்று அதைக் கொள்ளலாம். புகை, தூசி, உப்பு, நீராவி ஆகியவை அப்பரப்பில் படியும்போது மெல்லிய மின்பாதை உருவாகிறது. அது நாளடைவில் பரப்பைக் கருக்கிக் கரித்தடமாக மாறுகிறது.

வீட்டு மின்கருவிகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.இ.சி. 60335. இந்தியாவின் ஐ.எஸ். 302 அதைத் தழுவியது. பன்னாட்டுத் தரத்தின்படி, 250 வோல்ட் வரையிலான கருவியில் சாதாரண வகைக் காப்புப் பொருளுக்கு, வழக்கமான வீட்டுச் சூழலில் பரப்பு வழித் தொலைவு 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மின்கடத்தும் அழுக்கு படியும் சூழலாயின் அது 4 மில்லிமீட்டர்.

இந்த வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். ஒழுகும் கூரை, விறகுப் புகை, ஒரே அறையில் சமையலும் துவையலும் என்றிருக்கும் வீட்டில், வழக்கமான சூழலை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட கருவி விரைவில் தன் காப்பை இழக்கிறது. மலிவு விலைக்காக இடைவெளியைச் சுருக்கிச் செய்த முத்திரையற்ற கருவியின் நிலை அதனினும் மோசம்.

மூன்றாவது துளை

உட்காப்பு தோற்றால் அடுத்த அரண் எது? இருமடங்குக் காப்புள்ள கருவியில் இன்னொரு காப்பு இருக்கிறது. சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி அதைக் காட்டும். உலோக உடல் கொண்ட கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி போன்றவை பெரும்பாலும் எர்த் கம்பியை நம்பியிருக்கின்றன. முதல் அரண் கருவிக்குள் இருக்கிறது. இரண்டாவதோ வீட்டின் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கிறது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியது. ஒரு விளக்குக்கென இணைப்புப் பெற்ற குடிசைகளுக்குள்ளும் கருவிகள் வந்தன. கருவியோடு எர்த் கம்பி வரவில்லை. பல காலனி வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருக்கிறது. மண்ணில் புதைத்த மின்முனையோடு அதற்குத் தொடர்பில்லை. அங்கே கசியும் மின்சாரத்துக்கு, தொடுபவரின் உடலே வழியாகிறது.

ஃபியூஸ் காப்பாற்றும் என்பது தவறான நம்பிக்கை. அது பல ஆம்பியரில் உருகுவது. மனித உயிரைப் பறிக்கச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவிதான் இங்கே உதவும். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிடுகிறது. எர்த் இல்லாத பழைய வீட்டிலும், உடல் வழியே மண்ணுக்குக் கசிவு ஏற்பட்டால் அது துண்டித்துவிடும். எனினும் அது எர்த்துக்கு மாற்று அன்று.

நாம் செய்ய வேண்டியவை

ஹீட்டர் ராடு, இஸ்திரிப் பெட்டி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழுள்ள சி.எம்./எல். உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். எர்த் முனையை உடைத்து இரண்டு முனைச் செருகியாக்குவதை நிறுத்த வேண்டும். பழுது பார்க்கும்போது கம்பிகள் இடம் மாறினாலும் இடைவெளி குறையும் என்பதை மறக்கலாகாது.

ஆனால், தனிமனித எச்சரிக்கையோடு இது முடிவதில்லை. 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோவின் தொடக்க கால நோக்கமே ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவதுதான். தீயிலிருந்து காக்கும் சுவரைக் கேட்டுப் பெற்ற உரிமையின் தொடர்ச்சியாகவே, மின்சாரத்திலிருந்து காக்கும் எர்த்தையும் நாம் கேட்கிறோம்.

கல்லூரி மாணவர்கள் தம் ஊரில் ஒரு பணியைத் தொடங்கலாம். அரசுத் தொகுப்பு வீடுகளின் திட்ட மதிப்பீட்டில் எர்த் மின்முனைக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் தொகை ஒதுக்கப்பட்டதா, ஒப்படைக்கும் முன் சோதிக்கப்பட்டதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் கேட்கலாம். தேர்ந்த மின்பணியாளரின் துணையோடு வீடு வீடாக எர்த்தைச் சோதித்துப் பட்டியலிடலாம். அடுத்த முறை ‘கவனக்குறைவு’ என்று கோப்பை மூட முற்படுவோர் முன், அந்தப் பட்டியலை நாம் வைக்க வேண்டும்.