இரண்டாகப் பிரியும் அடுக்குப் படகு

சமையலறையில் அடுக்குப் பாத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். வாய் அகன்றும் அடி குறுகியும் இருப்பதால் அவை ஒன்றுக்குள் ஒன்று அடங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்திலிருந்து மீன் பிடிக்கச் சென்ற பாய்க்கப்பல்கள், ‘டோரி’ என்னும் சிறு படகுகளை இப்படித்தான் தளத்தில் அடுக்கிச் சென்றன. டோரியின் பக்கங்கள் வெளிப்புறம் சரிந்தவை. குறுக்கிருக்கைகளைக் கழற்றிவிட்டால் போதும்.

சிறிய பாய்மரப் படகில் கடல் கடப்போர்க்கு ஒரே ஒரு துணைப் படகுதான் தேவை, நங்கூரமிட்ட இடத்திலிருந்து கரைக்குப் போக. ஆனால் 2.4 மீட்டர் நீளமுள்ள டிங்கியை வைக்கத் தளத்தில் இடமேது? ஆகவே அதை இரண்டாக்கி, முன்பாதியைப் பின்பாதிக்குள் வைக்கிறார்கள். ‘காற்றடைத்த ரப்பர்ப் படகு இன்னும் சுருங்குமே’ என்பீர்கள். உண்மைதான்; ஆனால் அது துடுப்புக்கு எளிதில் ஓடாது, கூரிய பாறை பட்டால் கிழியும்.

வெட்டிய இடத்தில் நீர் புகாதா? புகாது. வெட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு குறுக்குத் தடுப்பு உண்டு. எனவே ஒவ்வொரு பாதியும் தனித்தே மிதக்கும் ஒரு தொட்டி. படகு 45 கிலோகிராம், ஆட்கள் இருவர் 120 கிலோகிராம் என்றால், இரு பாதிகளும் சேர்ந்து 165 லிட்டர் நன்னீரை விலக்கினால் போதும்.

ஆபத்து இணைப்பில்தான் இருக்கிறது. ஓர் அலைமுகடு முன்நுனியையும் மற்றொன்று பின்நுனியையும் தாங்க, இருவரும் நடுவில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு நுனியிலும் 60 கிலோகிராம் எடை, நடுவுக்கு 1.2 மீட்டர் தூரம். திருப்புத்திறன் 72 கிலோகிராம்-மீட்டர். மேல்விளிம்புகள் ஒன்றையொன்று நெருக்க, அடிப்பகுதி பிளக்கப் பார்க்கும். விளிம்புக்கு 40 சென்டிமீட்டர் கீழே போல்ட்டுகள் இருந்தால் அவை 180 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவையைத் தாங்க வேண்டும். 20 சென்டிமீட்டரிலேயே வைத்தால் 360! போல்ட்டு கீழே இருக்கக் காரணம் இதுவே. ஆனால் அங்கே துளை நீர்மட்டத்துக்குக் கீழே அமைகிறதே; அதனால் ரப்பர் வாஷர் இன்றியமையாதது. நடுவில் அலை உயர்ந்தால் மேல்பக்கம் பிளக்கப் பார்க்கும். ஆகவே மேலேயும் போல்ட்டு வேண்டும்.

கட்டும் முறை எளிது. ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டுவது. 1963இல் பிரிட்டனில் வெளிவந்த ‘மிர்ரர்’ டிங்கி இம்முறையைப் பரப்பியது. ஆனால் பலகை மட்டமானதாக இருந்தால் உழைப்பெல்லாம் வீண். கடல்நீர் தாங்கும் ஒட்டுப்பலகையே வாங்க வேண்டும். முதலில் அட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாதிரி செய்து, பாதிகள் அடங்குகின்றனவா என்று பாருங்கள். பின்பாதியின் இருக்கை கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.

இரு பாதிகளையும் தனித்தனியே கட்டினால் துளைகள் நேர்படா. ஆகவே படகை முழுதாகக் கட்டி, தடுப்புகளைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் பொருத்தி, போல்ட்டுத் துளைகளை இரண்டிலும் ஒரே மூச்சில் போட்டுவிட வேண்டும். அதன் பிறகே இடைவெளியில் ரம்பத்தை வைத்து அறுப்பது. அறுத்ததும் துளைகளை அடைத்து, ஒவ்வொரு பாதியிலும் நீர் நிரப்பி ஓர் இரவு விட்டுவையுங்கள். கசிவு எங்கே என்பது காலையில் வெளிப்புறத்து ஈரத்திலேயே தெரிந்துவிடும்.