நிலத்தியல்பும் நீர்க்கரைத் தாவரமும்

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாக வகுத்தபோது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பயிர்ப் பெயர்களையே அவற்றுக்கு இட்டனர். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் எனப்பட்டது. மருதமோ ஆற்றங்கரையில் ஓங்கி வளரும் மரம். நிலத்தின் இயல்பை அதன்மேல் நிற்கும் மரமே அறிவிக்கும் என்னும் உண்மை இப்பெயரீட்டில் அடங்கியுள்ளது. இற்றைநாள் தாவரவியலாரும் இதனையே விரித்துரைக்கின்றனர். நிலத்தின் வடிவு நீரின் போக்கை வகுக்கின்றது. நீரின் போக்கு மண்ணை வகுக்கின்றது. எம்மரம் எங்கே நிற்கும் என்பதை இவ்விரண்டும் வகுக்கின்றன.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பட்டிப்பளையாறு என்றும் கல்லோயா என்றும் வழங்கும் நம் ஆறு, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் தோன்றி, ஏறக்குறைய 108 கிலோமீற்றர் ஓடிக் கல்முனைக்குத் தெற்கே கடலை அடைகின்றது. இத்தகைய ஆறொன்றின் கரை எங்கும் ஒருதன்மைத்தாய் இருப்பதில்லை.

மலைப்பகுதியிற் பள்ளத்தாக்கு ஒடுங்கியது, சரிவு மிக்கது. வெள்ளம் விரைந்து ஏறி விரைந்து வடியும். மண் தங்க இடமின்மையால், பாறை இடுக்கில் வேரூன்ற வல்ல மரங்களே அங்கு நிலைக்கும். கரைத் தாவரம் இருமருங்கும் ஒடுங்கிய நிரையாய் அமையும். சற்று மேலேறினால் வேறு காடு தொடங்கிவிடும்.

சமவெளியில் ஆறு வளைந்து செல்லும். வளைவின் வெளிப்புறம் அரிபடும். உட்புறத்தில் மணல் படியும். புதுமணலில் முதலிற் குடியேறுவன நாணலும் புல்லுமே. அவை மணலைப் பிணித்தபின் மரங்கள் வரும். வெள்ளம் கரைபுரளுங்கால் பருமணல் ஆற்றோரத்திலேயே விழ, நுண்ணிய களிமண் அப்பாற் சென்று படியும். அதனாற் கரை உயர்ந்தும் அதன் பின்புறம் தாழ்ந்தும் அமைகின்றன. உயர்ந்த கரையில் மருதும் நாவலும் நிற்கும். பின்னுள்ள தாழ்நிலத்தில் நீர் மாதக்கணக்காகத் தேங்குவதாற் கோரையும் ஆம்பலும் வாழும். இரண்டிற்கும் உயர வேறுபாடு சில முழமே! மகாவலி கங்கையின் கீழ்ப்பகுதியில் ‘வில்லு’ எனப்படும் நீர்நிலைகள் இத்தகைய தாழ்நிலங்களே.

கடலை அணுகுமிடத்திற் சரிவு அற்றுப்போக, உவர்நீர் உட்புகுகின்றது. அங்கே முட்டுவேர் ஊன்றிய கண்டலும் உவரைத் தாங்கும் தில்லையும் கரையைக் காக்கும்.

ஆற்றில் நெடுந்தூரம் நடந்து காணவேண்டிய இவ்வேறுபாட்டை, இறக்காமம் குளம் போன்ற குளங்களின் ஓரத்திற் சில நூறு அடிக்குள்ளேயே காணலாம். ஆழத்திலே தாமரை, மாரியில் மூழ்கிக் கச்சான் காலத்தில் வெளிப்படும் சேற்றிலே கோரை, நீர் ஏறாத மேட்டிலே மரம். மாணவர்க்கு இதனினும் எளிய பாடநூல் வேறில்லை.

இவ்வறிவு உழவர்க்கும் வேண்டுவது. 1949 ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்படி இங்கினியாகலையிற் கட்டப்பட்ட சேனநாயக்க சமுத்திரம் நம் வட்டைகளுக்கு நீர் தந்தது. வெள்ளத்தின் வேகத்தையும் தணித்தது. ஆயினும் அணை நீரோடு மணலையும் மறித்துவிடும். கீழ்க்கரைக்குப் புதுமண் வருவது குறையும். எஞ்சிய மணலையும் அளவின்றி அள்ளினால் ஆற்றுப்படுகை தாழும். அதனோடு நிலத்தடி நீரும் தாழ, மருதின் வேர் வறளும். இரண்டு வரிசை நெல்லுக்காகக் கரைமரத்தை வெட்டினால் மண்ணைப் பிணிக்கும் வேரும் போகும். அணை கட்டிய பின்னரும் 1957 டிசெம்பரிற் பெருவெள்ளம் வந்ததை மூத்தோர் அறிவர். அத்தகைய நாளில் வேரற்ற கரை இடிந்தால், இரண்டு வரிசையோடு வயலின் ஒரு பங்கும் ஆற்றோடு போய்விடும்.

மரநடுகை விழாக்கள் இன்று பாடசாலைதோறும் நடைபெறுகின்றன; அது நன்றே. ஆனால் மூழ்கும் தாழ்நிலத்தில் மேட்டு மரத்தையும் உவர்க்கரையில் நன்னீர் மரத்தையும் நட்டால் கன்றும் உழைப்பும் வீணாகும். கன்றை எடுக்குமுன் நிலத்தை நோக்குக: எவ்வளவு உயரம், எத்தனை மாதம் நீர் நிற்கும், மண் மணலா களியா, நீர் நன்னீரா உவர்நீரா? இந்நான்கையும் அறிந்து நடுவோர் நட்ட மரம் நிலைக்கும். மரம் நிலைத்தாற் கரை நிலைக்கும். கரை நிலைத்தால் வயலும் நிலைக்கும்.