கடல்மட்டமானியும் கால இடைவெளியும்

திருகோணமலைத் துறைமுகத்திற் கடல் பெருகுவதும் வற்றுவதும் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே. ஒரு பெருக்குக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழிகின்றது. இத்துணை மெதுவான இயக்கத்தை அறிய, மணிக்கொருமுறை நீர்மட்டத்தைக் குறித்தலே போதும்.

ஆழிப்பேரலையோ வேறு இயல்பினது. அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட காலம் பெரும்பாலும் 10 முதல் 40 நிமிடம் வரையே. மணிக்கொருமுறை நோக்குங் கருவி, இரு நோக்குகளுக்கிடையே அலை வந்து மீண்டதை அறியாதிருக்கலாம். அன்றி, விரைந்தெழுந்து தாழ்ந்த பல அலைகளை மெல்ல அசைந்த ஓரலையெனக் காட்டவுங் கூடும். பின்னதே பெருங்கேடு. ஓர் அலைவுக்கு இரண்டுக்கு மேற்பட்ட அளவுகள் வேண்டுமென்பது கணித விதி. அலையின் வடிவம் தெளிய இன்னும் பல வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. அன்று கொழும்பிலிருந்த கருவி 2 நிமிடத்துக்கு ஒருமுறையும், மாலைதீவின் மாலேயிலிருந்தது 4 நிமிடத்துக்கு ஒருமுறையும் அளந்தன. ஆயினும் அவ்வளவுகள் செய்மதி வழியே அனுப்பப்பட்டது மணிக்கொருமுறையே. அளக்கும் இடைவெளி வேறு, அறிவிக்கும் இடைவெளி வேறு. இரண்டு மணி நேரத்தில் உயிர் தப்பவேண்டியோருக்கு, ஒரு மணி நேரம் கருவிக்குள் உறங்குஞ் செய்தியாற் பயன் சிறிதே.

பின்னர் இந்துமாகடற் கருவிகளில் ஒரு நிமிட அளவுகளும், 15 நிமிடத்துக்கு ஒருமுறையோ அதனினும் விரைந்தோ அனுப்பும் முறையும் வழக்காயின. திருகோணமலையிலும் அத்தகைய கருவி நிறுவப்பட்டது.

இடைவெளியை இன்னும் குறைத்தாலென்ன? அவ்வாறு குறைப்பின், படகுகள் எழுப்புஞ் சிற்றலைகளும் காற்றின் நெளிவுகளும் அளவிற் புகுந்து குழப்பும். மின்கலமும் விரைவிற் தீரும். ஆதலின் மென்பொருள் சில செக்கனுக்கு ஒருமுறை அளந்து, ஒரு நிமிடத்துக்குச் சராசரி கண்டு, அதனையே பதிவு செய்கின்றது.

மென்பொருளை எழுதுவோர் தவறும் இடமொன்றுண்டு. ‘வேலையை முடித்து, பின் 60 செக்கன் காத்திரு’ எனப் பணித்தால், வேலைக்குச் செல்லும் அரைச்செக்கனும் இடைவெளியோடு சேரும். ஒரு நாளின் 1440 சுற்றுகளில் அது 12 நிமிடமாகத் திரளும். அடுத்த அளவின் நேரத்தை, முந்திய வேலை முடிந்த நேரத்திலிருந்தன்றிக் கடிகாரத்திலிருந்தே கணித்தல் வேண்டும்.

ஆழ்கடலின் அடித்தளத்தில் அமுக்கத்தை அளக்கும் ‘டார்ட்’ கருவிகளோ இடைவெளியைத் தாமே மாற்றுவன. அமைதியான வேளையில் அவை 15 நிமிட அளவுகளைத் தொகுத்து ஆறு மணிக்கொருமுறை அனுப்பும். ஆயினும் உள்ளே 15 செக்கனுக்கொருமுறை அளவு நடந்துகொண்டேயிருக்கும். எதிர்பார்த்த மட்டத்துக்கும் கண்ட மட்டத்துக்கும் ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் வேறுபாடு தோன்றின், சில நிமிடங்களுக்கு 15 செக்கன் அளவுகளையும் பின்னர் ஒரு நிமிட அளவுகளையும் உடனுக்குடன் அனுப்பும். கடல் அடங்கியபின் பழைய இடைவெளிக்கு மீளும்.