மார்கழிக் குளிரில் மூலைக்கு மூலை 'ஈரம்'! சடைநாய்க் குட்டியை அடிக்காமல் பழக்கலாம்

திருவண்ணாமலை, டிச.–

கார்த்திகை தீபம் முடிந்தால் போதும், ஊருக்குள் வாடை இறங்கிவிடுகிறது. விடியற்காலையில் வாசல் தெளிக்கிற பெண்கள் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் பல வீடுகளில் ஒரு புது ரகளை.

"ஐயையோ, சாமி ரூம் கிட்டயே போயிடுச்சே! யாரு இதை வீட்டுக்குள்ள விட்டது?"

போனது யார் தெரியுமா? வயசு 60 நாள். எடை ஒரு கிலோ இருக்காது. வெள்ளை வெளேர் என்று பஞ்சு உருண்டை மாதிரி ஒரு சடைநாய்க் குட்டி!

வேங்கிக்கால் பக்கம் ஆகட்டும், செங்கம் ரோடு ஆகட்டும், சின்ன வீட்டுக்காரர்களுக்குச் சின்ன நாய்தான் சவுகரியம். ஒரு காலத்தில் பொமரேனியன்தான் ராஜா. 2003-ல் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் சப்பை மூக்கு 'பக்' ஓடி வந்ததும் அதற்கு மவுசு ஏறியது. இப்போது முகமெல்லாம் முடியாகத் தொங்கும் 'ஷி ட்சூ'வும் சேர்ந்துகொண்டது. எந்த ஜாதியானால் என்ன, குளிர்காலத்தில் வாங்கி வந்த குட்டி என்றால் முதல் மாதம் திண்டாட்டம்தான்.

வாடகை வீடு என்றால் கேட்கவே வேண்டாம். 'நாய் வேணுமா, வீடு வேணுமா?' என்று வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டுவிடுவார். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாகக் குட்டியைக் கொண்டுபோய் கிரிவலப் பாதையில் விட்டுவிட்டு வருகிற ஆட்களும் உண்டு. 'அங்க யாராச்சும் சோறு போடுவாங்க' என்று ஒரு சமாதானம். சொந்தமாகச் சோறு தேடத் தெரியாத குட்டி 14 கிலோ மீட்டர் பாதையில் என்ன செய்யும்? பனியிலும், தெருநாய்களிடமும், வண்டிச் சக்கரத்திலும் சிக்கி ரெண்டு நாள் தாங்காது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு? 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய்! சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

குளிர் நாட்டு நாய்தானே?

'பொமரேனியன் ஐரோப்பா நாயாச்சே, நம்ம ஊர் பனி அதை என்ன பண்ணும்?' என்று கேட்கிறார்கள். பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா பகுதியின் பெயர்தான் அதற்கு. வாஸ்தவம். அங்கே அது பெரிய நாய். விக்டோரியா மகாராணி 1888-ல் இத்தாலிக்குப் போனபோது குட்டையான ஒன்றைப் பிடித்துப்போய் வாங்கி வந்தார். அதன் பிறகு சீமையில் வளர்த்தவர்கள் எல்லாம் சின்னதாகவே வேண்டும் என்று வளர்த்து, உருவம் சுருங்கிவிட்டது. நம்மூரில் 'பொமரேனியன்' என்று விற்பதில் பாதிக்கு மேல் 'இந்தியன் ஸ்பிட்ஸ்' என்கிற நம் நாட்டு வளர்ப்பு. இதில் எதுவாக இருந்தாலும் குளிர் தாங்கும் இரட்டை முடி வளர்வது பிற்பாடுதான். 2 மாதக் குட்டிக்கு இருப்பது வெறும் பூனைமுடி. அது நனைந்தால் நடுக்கம்தான்.

சங்கதி இங்கேதான் இருக்கிறது. காலை 5 மணிக்குக் குட்டியை வெளியே விடுகிறீர்கள். ஈரத் தரை. வாடைக் காற்று. அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடுங்கி நிற்கும்; வந்த வேலை மறந்துபோகும். 'சரி, வரலை போல' என்று உள்ளே தூக்கி வருவீர்கள். உள்ளே கதகதப்பு. உடம்பு தளர்ந்ததும் பாயிலேயே போய்விடும்! இதைக் குட்டியின் கொழுப்பு என்று நினைத்து வீட்டுக்காரர் செருப்பைத் தேடுகிறார்.

அடிக்கவே கூடாது. மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது அதைவிட மோசம். போன நிமிஷத்து வேலைக்கு இப்போது அடி விழுகிறது என்று கணக்குப் போட அதற்குத் தெரியாது. 'இந்த ஆள் எதிரில் போனால் அடி' என்றுதான் புரிந்துகொள்ளும். அப்புறம் உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் போக ஆரம்பிக்கும். நாற்றம் மட்டும் வரும், இடம் தெரியாது!

நேற்றைய பேப்பர் இருக்க பயமேன்?

2 மாதக் குட்டி அடக்க முடிவது அதிகபட்சம் 2 மணி, 3 மணி நேரம். சின்ன ஜாதிக்குப் பை சின்னது, அதிலும் குறைவு. தூங்கி எழுந்ததும் போகும். சாப்பிட்ட கால் மணியில் போகும். விளையாடி முடித்ததும் போகும். தரையை மோந்துகொண்டே வட்டம் போட்டால் அடுத்த நொடி சம்பவம். அந்த நொடியில் திட்டாமல் அள்ளித் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

எங்கே? மழையும் காற்றும் படாத ஒரே இடம். பின்கட்டுத் தாழ்வாரம், தகர ஷெட்டுக்குக் கீழே, மாடிப்படிக்கு அடியில். எதுவானாலும் தினமும் அதே இடமாக இருக்கணும். பழைய சாக்கை விரித்து மேலே பேப்பர் போடலாம். தட்டில் மணலும் போடலாம். பேப்பரை மாற்றும்போது பழைய ஈரத்துண்டு ஒன்றை அடியில் வைத்துவிட்டால் வாசனை பிடித்துத் தானாக வரும். அங்கே போனதும் உடனே, அந்தக் கணமே, 'அடி என் தங்கமே' என்று கொஞ்சி ஒரு துணுக்குத் தீனி. வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்ளும்.

பேப்பரில் ஒரு வம்பு உண்டு. பேப்பர் என்றால் கக்கூஸ் என்று பழகிய குட்டிக்கு நேற்றையது, இன்றையது என்ற பேதம் கிடையாது. சாயங்காலம் வாங்கி வந்து தரையில் விரித்துப் படிக்கிற அன்பர்கள் உஷார்!

ராத்திரிக்குப் பெட்டி நல்லது. குட்டி திரும்பிப் படுக்கிற அளவு மட்டும் இடம் உள்ள மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ போதும். படுக்கிற இடத்தை நாய் லேசில் அசிங்கம் பண்ணாது. பெட்டி பெரிசானால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் போகும். உள்ளே பழைய நூல் புடவை. வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைக்கலாம். கொசுவர்த்தியைத் தூர வையுங்கள். 10 மணிக்கு ஒரு தடவை, விடிகாலையில் ஒரு தடவை தூக்கிப் போக வேண்டும். அதற்கு அலாரம் வேண்டாம். மார்கழியில் திருவெம்பாவை ஒலிபெருக்கியே எழுப்பிவிடும். மாணிக்கவாசகர் அதைப் பாடிய ஊராயிற்றே! தூக்கிப் போகிறபோது வாசலில் போட்ட கோலத்தின்மேல் இறக்கிவிட்டால் அப்புறம் வீட்டு அம்மாவை யாரும் சமாதானப்படுத்த முடியாது.

ஈரம் பண்ணிவிடுமே என்று ராத்திரி பட்டினி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து! குட்டை ஜாதிக் குட்டிக்கு நெடுநேரம் வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும். வலிப்பு கூட வரலாம். பகலில் 3, 4 தடவையாகப் பிரித்துக் கொடுத்து, கடைசி வேளையைத் தூங்குவதற்கு 2 மணி நேரம் முந்தி முடித்தால் போதும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. பால்சோறு பாசத்தில் போடுவது. பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. பேதி எடுக்கிற குட்டியை எப்படிப் பழக்குவது?

பினாயில் விஷயம் முக்கியம். ஈரம் பட்ட இடத்தில் கறுப்புப் பினாயிலை ஊற்றிவிடுகிறார்கள். குட்டி அதில் நடந்து காலை நக்கும். எச்சில் ஒழுகி, வாந்தி எடுத்து, உயிருக்கே உலை. 'அந்தப் பக்கம் போகாது' என்று மூலைக்கு மூலை அந்துருண்டை போடுவதும் விஷம்தான். சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் வாடை போய்விடும். வாடை போனால்தான் மறுபடி அதே இடத்துக்கு வராது.

மலையில் ஒரு கமலா!

'அசிங்கம் பண்ணும், பெருகிப்போகும், விரட்டு' என்ற பேச்சு இந்த ஊருக்குப் புதுசு அல்ல. ரமண மகரிஷி மலைமேல் கந்தாசிரமத்தில் இருந்தார். 1916 முதல் 1922 வரை. அப்போது ஒரு குட்டி நாய் வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் குட்டி போட்டு இடத்தை நிரப்பிவிடும் என்று பக்தர்கள் துரத்திப் பார்த்தார்கள். அது போகவில்லை. கமலா என்று பெயர் வந்தது. பயந்தபடியே குட்டிகளும் பெருகின! முதல் பிரசவத்துக்குக் கமலாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, சுத்தமான தனி இடம் கொடுத்தார்கள். பத்தாம் நாள் விருந்தோடு புண்ணியாகவாசனம். பிறகு மலைக்குப் புதிதாய் வருகிறவரைச் சுற்றிக் காட்டிவிட்டு வா என்று மகரிஷி சொன்னால், கமலா முன்னால் நடந்து குளம், கோவில், சிலை ஒவ்வொன்றாய்க் காட்டிவிட்டுத் திரும்பும்.

நாயை அவர் 'அது' என்று சொன்னதில்லை. பையன்கள் என்றுதான் பேச்சு. சாப்பாட்டு வேளையில் முதலில் நாய்கள், அடுத்து பிச்சைக்காரர்கள், கடைசியில் பக்தர்கள் என்பது ஆசிரம வழக்கம். ஜாக்கி என்ற நாய்க்கு ரமணாசிரமத்தில் சமாதியே இருக்கிறது. லட்சுமி பசுவின் சமாதிக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

தெருவுக்கு எப்போது?

அவசரம் வேண்டாம். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கினால் 'பார்வோ' என்கிற பேதி நோய் பிடிக்கும். அந்தக் கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. 3 மாதத்தில் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி. ரத்தம் கலந்த பேதி, சோர்ந்து கிடப்பது, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவது – இதெல்லாம் பழக்கக் குறை அல்ல, வியாதி. அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும்.

தீபத்துக்கு வாங்கிய குட்டிக்குப் பொங்கல் வாக்கில் மூணரை மாதம் ஆகியிருக்கும். பனியும் குறையும். தாழ்வாரத்துப் பேப்பரைத் தினம் ஒரு முழம் வாசல் பக்கம் நகர்த்துங்கள். ரெண்டு நாள் தவறு பண்ணினால் பழைய இடத்துக்கே கொண்டுபோய், மறுபடி நகர்த்துங்கள். கடைசி ஊசி போட்டு ரெண்டு வாரம் கழித்துக் கழுத்துப்பட்டை கட்டி, வெயில் ஏறிய பிறகு தெருவுக்குக் கூட்டிப் போகலாம். கையில் ஒரு பழைய பேப்பரும் இருக்கட்டும். எதிர் வீட்டு வாசலில் போய்விட்டால் எடுத்துப் போட வேண்டாமா?