சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டுங்கள்!



டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிகிற குட்டி விளக்குகளைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் அதையும் அதன் வயதுள்ள மற்ற கார்களையும் ஓட்டுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

சாவியைத் திருகியதும், என்ஜின் கிளம்பும் முன்பு, ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிய வேண்டும். கிளம்பியதும் அணைய வேண்டும். 'அப்பாடா, ஒண்ணுமே எரியலை' என்று சந்தோஷப்படாதீங்க! பல்பு போயிருக்கலாம். செகண்ட் ஹேண்ட் கார் விற்கும் சிலர், கோளாறு தெரியாமல் இருக்க ஒயரையே பிடுங்கி விடுவதும் உண்டு. பழைய கார் வாங்கப் போனால் பெயிண்ட்டைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

ரொம்ப முக்கியமானது எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு. ஓடும்போது இது எரிந்தால் என்ஜினுக்குள் ஆயில் பிரஷர் இல்லை என்று அர்த்தம். 'வீடு இதோ பக்கத்துலதானே' என்று ஓட்டவே கூடாது. சில நிமிட ஓட்டத்திலேயே பேரிங் தேய்ந்து, என்ஜினையே இறக்க வேண்டி வரும். செலவு பல ஆயிரம். ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? அப்படியே விட்டுவிட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

பேட்டரி விளக்கு எரிந்தால் உடனே புது பேட்டரி வாங்கிவிட வேண்டாம். சார்ஜ் ஏறவில்லை என்பதுதான் சேதி. ஃபேன் பெல்ட் அறுந்திருக்கலாம். பல பழைய கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அதனால் சூடு காட்டும் முள்ளையும் கவனியுங்கள், ஏறினால் நிறுத்திவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. பிரஷர் அடங்காத குக்கரைத் திறப்போமா?

ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் பிரேக் விளக்கு எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஊற்றி நிரப்பினால் மட்டும் போதாது. எங்கே ஒழுகுகிறது, பேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவில்லையா? முதலில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைவு. புகையும் துப்புச் சொல்லும். கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. காலையில் லேசாக வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பயமில்லை. அது நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம்தான்.

ஒர்க் ஷாப்பில் "சார் வரலையாம்மா?" என்பார்கள். வரவில்லை என்று சொல்லி, துண்டுச் சீட்டை நீட்டுங்கள்: எந்த விளக்கு எரிந்தது, காலையில் எடுத்ததுமா, சூடானதுமா, ஏ.சி. போட்டாலா, எந்த கியரில் என்று அதில் எழுதியிருக்கட்டும். கண்டதையும் மாற்றிப் பில் போடுவது தன்னால் குறையும். மாற்றிய பழைய பிளக்கையும் பெல்ட்டையும் கையோடு கேட்டு வாங்கி வந்துடுங்க. அதற்கென்றே என் கார் டிக்கியில் ஒரு துணிப்பை கிடக்கிறது.

- ஒரு வாசகி, மதுரை