இராணித் தேனீயின் உணவும் நீண்ட ஆயுளும்

தேன்கூட்டிலே இராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகையான முட்டையிலிருந்தே பிறக்கின்றன. ஆயினும், கோடைகாலத்து வேலைக்காரத் தேனீ ஏறக்குறைய 6 வாரங்களில் மடிந்துபோக, இராணியோ 2, 3 ஆண்டுகள், சிலவேளை 5 ஆண்டுகள்கூட வாழ்ந்து முட்டையிடுகின்றது. இவ்வேற்றுமைக்குக் காரணம் உணவே. தாதித் தேனீக்களின் தலைச் சுரப்பிகளில் ஊறும் வெண்ணிறக் கூழை எல்லாக் குடம்பிகளும் முதல் 3 நாட்கள் உண்கின்றன. பின்னர் வேலைக்காரக் குடம்பிகளுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த எளிய உணவு. இராணியாகப் போகும் குடம்பிக்கோ இறுதிவரை அக்கூழே. அதனாலேயே அது அரசகூழ் எனப்படுகின்றது.

யப்பானிய விஞ்ஞானி மசாகி கமகுரா, அரசகூழை 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நாட்கள் வைத்திருந்தார். இராணியை உருவாக்கும் ஆற்றலை அது இழந்தது. அதிலிருந்த ஒரு புரதமும் சிதைந்து போயிருந்தது. அப்புரதத்துக்கு ‘ரோயலக்டின்’ எனப் பெயரிட்டு, 2011 இல் அவர் தமது முடிவை வெளியிட்டார். அதை உண்ட பழ ஈக்கள் பருத்து வளர்ந்தன. முட்டைகளை மிகுதியாக இட்டன. நீண்ட காலம் வாழ்ந்தன. 2014 இல் நுண்ணிய உருளைப்புழுக்களிலும் ஆயுள் நீடித்ததாக அறியப்பட்டது. அரசகூழைக் குப்பியில் அடைத்து விற்போருக்கு இதைவிட நற்செய்தி வேறென்ன வேண்டும்!

ஆனால், 2016 இல் ஜேர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் இதனை மறுத்தனர். ரோயலக்டின் இன்றியும் இராணிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். கமகுராவோ தமது முடிவைக் கைவிடவில்லை. அப்படியாயின், கூழில் இத்துணை மிகுதியாக உள்ள இப்புரதத்தின் பணி யாது? அதே குழுவினர் 2018 இல் அளித்த விடை விந்தையானது. இராணியின் அறை நிலக்கடலைக் கோதுபோல, வாய் கீழ்நோக்கித் தொங்குவது. குடம்பியோ அதன் கூரையில் ஒட்டியிருக்கும் கூழிலேயே தங்கி வளர்கின்றது. கூழின் புளிப்புத் தன்மையால் இப்புரதம் மற்றொரு சிறு புரதத்துடன் இணைந்து இழைகளாகிக் கூழைத் தடிப்பாக்குகின்றது. புளிப்பைக் குறைத்துப் பார்த்தபோது கூழ் இளகியது. குடம்பிகள் கீழே விழுந்தன.

மனிதனின் ஆயுளை அரசகூழ் நீட்டுமென்பது நிறுவப்படவில்லை. ஈயின் உடலுக்கு ஏற்றது மனிதனுக்கும் ஏற்குமென்பதற்கு நியாயமில்லை. உண்ணப்படும் புரதம் மனித வயிற்றில் பெரும்பாலும் சிதைந்தே போகின்றது. மாறாக, ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு இக்கூழ் கடும் ஒவ்வாமையை விளைவித்து, உயிராபத்தையும் உண்டாக்கியுள்ளது.