தாதி வராத காலை

படுக்கையோடு ஒன்றிவிட்ட மூதாட்டியின் வீட்டுக்குக் காலை 8 மணிக்கு வரவேண்டிய தாதி வராமற்போனால், உணவுக்கு முன் போடவேண்டிய இன்சுலின் போடப்படாமலும், அதனால் பசியாற வழியில்லாமலும், வேலைக்குப் புறப்பட்டு நிற்கும் மகள் வாசலுக்கும் தொலைபேசிக்குமாக அலைய, அந்த வீட்டின் பகற்பொழுதே குலைந்துவிடுகிறது. வீடு தேடிச் சென்று பராமரிக்கும் ஹோம் நர்சிங் ஃபவுண்டேஷன் 1976-இல் தொடங்கப்பெற்றபோது சிங்கப்பூர் இளைஞர்கள் நிறைந்த தேசம். 2030-க்குள்ளோ குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்று அரசாங்கம் கணக்கிடுகிறது.

வருகை தவறினால் பணியாளரின் சிரத்தைக் குறைவென்று பழிப்பது உலக சுபாவம். என் அபிப்பிராயத்தில், பெரும்பாலான பிழைகள் முதல்நாள் மாலை காரியாலயத்தில் அட்டவணை வகுக்கும்போதே நேர்ந்துவிடுகின்றன. பஃபலோ ரோட்டில் 9 மணிக்கு முடியும் வருகையை அடுத்து 9.15-க்கு ஈசூனில் ஒன்றைக் குறித்து வைப்பவர், தேக்காவின் ஜனநெரிசலையும் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நிமிஷங்களையும் ரயில் பிரயாணத்தையும் நினைத்துப் பார்ப்பதில்லை. “இரும்மா, கோப்பி குடிச்சிட்டுப் போ” என்று பாட்டி கையைப் பிடித்துக்கொள்வதையோ (அதை உதறிவிட்டு வரச் சொல்ல எந்த மேற்பார்வையாளருக்கும் மனம் வரலாகாது) சொல்லவே வேண்டாம். வீட்டுக்கு வீடு தாமதம் வளர்ந்து, கடைசி வீடு விடுபட்டுப் போகிறது.

அட்டவணை வகுப்போர் மறந்துவிடும் இன்னொன்று தைப்பூசம். அன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் செல்கையில் போக்குவரத்து மாற்றிவிடப்படுகிறது. 1968 முதல் தைப்பூசம் பொது விடுமுறை அல்ல. ஆதலால் நிர்வாகியின் நாட்காட்டியில் அது சாதாரண வேலைநாள். தமிழ்ப் பணியாளர்கள் விடுப்புக் கேட்பதும், பதிலுக்கு அனுப்பப்படும் மியன்மார்ப் பெண் பேருந்து வேறு வழியில் திரும்பியதால் திகைத்து நிற்பதும் அன்றுதான். இவ்வளவும் மாதக்கணக்கில் முன்னரே தெரிந்த சங்கதி!

வீட்டுக்குள் நுழைந்ததும் மின்னணு வழியில் நேரம் பதியும் முறையை, மெடிக்கெய்டு என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் நிதியில் நடக்கும் பராமரிப்புக்கு அமெரிக்கா 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. உபயோகமானதுதான், ஆயினும் பதிவு விழாததைக் கண்டவுடன் வேறொருவரை அனுப்பும் அதிகாரமுள்ள ஆள் காரியாலயத்தில் இல்லாவிடில், அது தவறை அறிவிக்குமேயன்றித் தடுக்காது.

நெதர்லாந்தில் ஜோஸ் டெ பிளோக் 2006-இல் தொடங்கிய பூர்ட்சோர்க் நிறுவனத்தில், 12 பேருக்கு மேற்படாத தாதியர் குழு ஒரு வட்டாரத்தைத் தன் பொறுப்பில் ஏற்று, அட்டவணையையும் தானே வகுத்துக்கொள்கிறது. ஒருத்திக்குக் காய்ச்சலென்றால் அதே வட்டாரத்துச் சகா போகிறாள். பஃபலோ ரோடு, ரோவெல் கோர்ட், ஃபேரர் பார்க் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளை நடந்தே சுற்றிவரக்கூடிய நமக்கு இது இன்னும் சுலபம்.

முகமறியாத ஒருத்தி அழைத்தால் கம்பிக்கதவைத் திறக்க மறுக்கும் பாட்டிமார் உண்டு. தாதி வாசல்வரை வந்தும் பராமரிப்பு நடவாத வருகை அது. ஆகையால் முதல் வாரத்திலேயே, மாற்றாக வரக்கூடிய இரண்டாமவளையும் அழைத்துச் சென்று, “இவங்க வராத நாள்ல நான் வருவேன் பாட்டி” என்று அவள் வாயாலேயே சொல்லச் செய்யவேண்டும். அதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். அதையும் சம்பளத்துக்குரிய நேரமாகவே எழுதவேண்டும் என்பதை நிர்வாகிகளுக்குச் சொல்லிவைக்கிறேன்.